ஒரே புரதம், பல இழைகள்: அமிலாய்டின் வடிவத்தைச் சூழல் எப்படி மாற்றுகிறது?

அல்சைமர் நோய் பற்றிய ஆய்வுச் செய்திகளை விடாமல் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். மூளையில் படியும் அமிலாய்டு இழையின் வடிவத்தை அணு அளவில் பார்த்துவிட்டோம் என்று ஓர் ஆய்வுக்குழு அறிவிக்கிறது. சில வருடங்களில் இன்னொரு குழு அதே புரதத்துக்கு வேறொரு வடிவத்தை வெளியிடுகிறது. அப்படியானால் முதல் குழு தவறு செய்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. இரண்டு வடிவங்களும் உண்மையானவை. ஒன்று வளர்ந்த கரைசல் வேறு, மற்றது வளர்ந்த கரைசல் வேறு.

அமிலாய்டு இழை எந்த வடிவத்தில் அமையும் என்பதைப் புரதத்தின் அமினோ அமில வரிசை மட்டும் முடிவு செய்வதில்லை. கரைசலில் எவ்வளவு அமிலம், என்ன உப்பு, அது அசைந்ததா, பக்கத்தில் வேறு என்ன மூலக்கூறுகள் இருந்தன என்பதெல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால், ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த மருந்து ஏன் நோயாளியிடம் தோற்கலாம் என்பதும், ஒரே புரதம் எப்படி வெவ்வேறு நோய்களைத் தரும் என்பதும் விளங்கத் தொடங்கும்.

## முதலில் அடிப்படை: புரதம், மடிப்பு, அமிலாய்டு

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அமினோ அமிலங்களில் 20 வகை உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி சங்கிலியின் முதுகெலும்பாக அமைகிறது. ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கும் பகுதி பக்கக்கிளை. சில பக்கக்கிளைகளில் நேர் மின்சுமை, சிலவற்றில் எதிர் மின்சுமை. சில தண்ணீரோடு சேரும், சில தண்ணீரை விட்டு விலகும்.

செல்லுக்குள் இந்தச் சங்கிலி குறிப்பிட்ட ஒரு முப்பரிமாண வடிவத்துக்கு மடிகிறது. மடிவதற்கு வேண்டிய தகவல் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை வைத்துக் காட்டியவர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன். 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. "ஒரு வரிசை, ஒரு வடிவம்" என்று பாடங்களில் சுருக்கமாகச் சொல்லப்படுவது இதைத்தான். ஆனால் ஆன்ஃபின்சன் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்: உடலின் இயல்பான சூழலில் இருக்கும்போதுதான் இது பொருந்தும். சுருக்கிச் சொல்லும்போது அந்த நிபந்தனை விடுபட்டுப் போகிறது. அமிலாய்டு விஷயத்தில் அதுதான் முக்கியமான பகுதி.

சில புரதங்கள் தங்கள் இயல்பான மடிப்பை விட்டுவிட்டு, அல்லது மடியாத நிலையிலிருந்தே, ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட இழைகளாகின்றன. இந்த இழைதான் அமிலாய்டு. அதன் அமைப்பு இப்படி: ஒவ்வொரு புரத மூலக்கூறும் ஏறக்குறையத் தட்டையாக மடிகிறது. அடுத்த மூலக்கூறு அதன் மேல் வந்து அமர்கிறது, அதன் மேல் அடுத்தது. இரண்டு அடுக்குகளுக்கு இடையே சுமார் 0.47 நானோமீட்டர் இடைவெளி. மேலே இருக்கும் சங்கிலியின் முதுகெலும்பும் கீழே இருப்பதும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகுகின்றன. இப்படி உருவாகும் பரப்புக்குப் பீட்டா தாள் என்று பெயர். இரண்டு பீட்டா தாள்கள் முகத்துக்கு முகம் நெருங்கும்போது இடைவெளி சுமார் 1 நானோமீட்டர். எக்ஸ்-கதிர் படத்தில் இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து தெரிந்தால் அது அமிலாய்டு என்று அடையாளம் காணலாம். வில்லியம் ஆஸ்ட்பரி 1935இலேயே வெந்த முட்டை வெள்ளைக்கருவில் இதே வகைப் படத்தைப் பார்த்துவிட்டார். நோயாளிகளின் அமிலாய்டிலும் இதே அமைப்புதான் என்று ஈன்ஸும் கிளென்னரும் காட்டியது 1968இல்.

எக்ஸ்-கதிர் படத்தில் எல்லா அமிலாய்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்ததால், இழைக்குள்ளும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. திடநிலைக் காந்த ஒத்ததிர்வு முறையும், அதற்குப் பின் மாதிரியை உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியும் வந்த பிறகுதான் உள்ளே எத்தனை வேறுபாடு என்று தெரிந்தது. ஒரே புரதம் பல இழை வடிவங்களை எடுப்பதைப் பல்லுருத்தன்மை என்கிறார்கள்.

## ஒரே வரிசைக்கு எப்படிப் பல வடிவங்கள்?

மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. இழையைத் தாங்கும் முக்கியப் பிணைப்பு முதுகெலும்பில் இருக்கிறது. முதுகெலும்பு எல்லாப் புரதங்களுக்கும் பொது. அதனால் சங்கிலி எங்கே வளைந்தாலும் இழையாக அடுக்க முடியும். வளைவு எங்கே, எந்தப் பக்கக்கிளை எதோடு நெருங்குகிறது என்பதில் பல வாய்ப்புகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது.

2. பெரும்பாலான நோய்சார் இழைகளில் ஒரே அமினோ அமிலம் தன் மேலேயே அடுக்கப்படுகிறது. அதாவது ஓர் அடுக்கில் 22ஆவது இடத்தில் எதிர் மின்சுமை இருந்தால், அதற்கு நேர் மேலே 0.47 நானோமீட்டர் தூரத்தில் அதே எதிர் மின்சுமை மறுபடி வருகிறது. இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள். ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். இந்தத் தள்ளலைத் தணிக்க வெளியிலிருந்து ஏதாவது வர வேண்டும்: ஒரு ஹைட்ரஜன் அயனி, ஓர் உப்பு அயனி, எதிர் வகைச் சுமையுள்ள வேறொரு மூலக்கூறு. சூழல் உள்ளே நுழையும் வாசல் இதுதான்.

3. எந்த வடிவம் மிக நிலையானது என்பதை விட, எது முதலில் உருவானது என்பதே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. சில மூலக்கூறுகள் சேர்ந்து முதல் கருவை உருவாக்குவது மிகக் கடினம். கரு உருவாகிவிட்டால் வளர்ச்சி வேகமெடுக்கும். சூழலில் சிறு மாற்றம் நேர்ந்தால் வேறொரு கரு முந்திக்கொள்ளும். அதன் வடிவமே பிறகு பெருகும்.

ஆற்றல் வேறுபாடு சிறியது என்ற முதல் காரணத்தைத்தான் நான் அடித்தளமாகப் பார்க்கிறேன். சாதாரணக் கோளப் புரதத்தில் சரியான மடிப்புக்கும் தவறான மடிப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். கொஞ்சம் உப்பு கூடினாலும் குறைந்தாலும் மடிப்பு மாறாது. அமிலாய்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

## சூழலில் எவையெவை கணக்கில் வருகின்றன?

அமிலத்தன்மை. ஆஸ்பார்டேட், குளூட்டமேட் ஆகிய இரண்டும் நடுநிலைக் கரைசலில் எதிர் மின்சுமையோடு இருக்கும். அமிலக் கரைசலில் அவை ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு சுமையை இழக்கும். ஹிஸ்டிடின் இதற்கு நேர்மாறு: நடுநிலையில் பெரும்பாலும் சுமையற்றது, அமிலத்தில் நேர் மின்சுமை பெறும்.

அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு பீட்டா புரதத்தின் 42 அமினோ அமில வகையை எடுத்துக்கொள்வோம். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 7.4இல் அதன் மொத்தச் சுமை சுமார் −3. அந்த நிலைக்கு அருகே ஆய்வகத்தில் வளர்த்த இழைகளில் சங்கிலி ஆங்கில எழுத்து எஸ் போல வளைந்திருப்பதை 2015, 2016 ஆண்டுகளில் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. அந்த வடிவத்தில் 28ஆவது இடத்தில் உள்ள லைசினின் நேர் சுமை, சங்கிலியின் கடைசியான 42ஆவது இடத்தின் எதிர் சுமையோடு இணைகிறது. 2017இல் ஜெர்மனியில் ஒரு குழு இதே புரதத்தைப் பிஎச் 2இல், கரிமக் கரைப்பான் கலந்த கரைசலில் வளர்த்தது. கிடைத்த வடிவம் வேறு: சங்கிலியின் தொடக்கப் பகுதி எல் போலவும் கடைசிப் பகுதி எஸ் போலவும் வளைந்திருந்தது. அதே 28ஆவது லைசின் இப்போது பக்கத்து இழைநூலின் (சேர்ந்து ஓர் இழையாகும் அடுக்கு வரிசைகளில் ஒன்றின்) முதல் அமினோ அமிலமான ஆஸ்பார்டேட்டோடு இணைந்திருந்தது. அமினோ அமில வரிசையில் ஒன்றுகூட மாறவில்லை. யார் யாரோடு சேர்வது என்பது மட்டும் மாறிவிட்டது.

உப்பு. கரைந்த உப்பின் அயனிகள் மின்சுமைகளைச் சூழ்ந்து அவற்றின் தள்ளலைக் குறைக்கின்றன. பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா சைனுக்ளின் புரதத்தில் 140 அமினோ அமிலங்கள். உடலில் இருப்பதற்கு நெருக்கமான உப்பு அளவில் வளர்த்தால் உருளை போன்ற இழைகள் கிடைக்கின்றன. உப்பு மிகக் குறைந்த கரைசலில் அகன்ற நாடாக்கள் கிடைக்கின்றன. பிரான்சில் ரொனால்ட் மெல்கியின் குழு 2013இல் இவ்விரண்டையும் ஒப்பிட்டது. செல்களை நச்சாக்குவதிலும், பரவும் விதத்திலும் இரண்டும் வேறுபட்டன. உப்பின் அளவு மட்டுமல்ல, உப்பின் வகையும் முக்கியம். அதற்கு டௌ புரதமே சிறந்த சாட்சி. அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

அசைவும் பரப்பும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் விளைவு பெரியது. அமெரிக்காவில் ராபர்ட் டைக்கோவின் குழு 2005இல் அமிலாய்டு பீட்டாவின் 40 அமினோ அமில வகையை ஒரே கரைசலில் இரண்டு விதமாக வளர்த்தது. ஒன்றை அசையாமல் வைத்தார்கள், இன்னொன்றை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார்கள். அசையாததில் முறுக்கிய இழைகள். குறுக்குவெட்டில் மூன்று மூலக்கூறுகள் சமச்சீராக அமைந்தவை. அசைந்ததில் பட்டையான இழைகள். இரண்டு மூலக்கூறுகள் அமைந்தவை. நரம்புச் செல் வளர்ப்பில் இரண்டின் நச்சுத்தன்மையும் ஒன்றாக இல்லை.

அசைக்கும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. வளர்ந்த இழைகள் உடைந்து புதிய முனைகள் உருவாகின்றன. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. நீரை விலக்கும் பகுதிகள் அந்தப் பரப்பில் வந்து திரள்கின்றன.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. இன்சுலினும் அமிலாய்டு ஆகக்கூடிய புரதம். சூடு, அசைவு, நீரை விலக்கும் பரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது இழையாகும் வேகம் கூடுகிறது. குப்பியை வெயிலில் வைக்கக் கூடாது, வேகமாகக் குலுக்கக் கூடாது என்று சொல்வதற்குப் பின்னால் இந்த வேதியியலும் இருக்கிறது. ஊசியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குத்தும்போது சிலருக்குத் தோலுக்கடியில் இன்சுலின் அமிலாய்டு கட்டியாகவே படிவதும் உண்டு. அந்த இடத்தில் போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் சர்க்கரை அளவு கட்டுக்குள் வராமல் போகலாம். இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்வதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உலோக அயனிகள். தாமிரமும் துத்தநாகமும் அமிலாய்டு பீட்டாவில் 6, 13, 14 ஆகிய இடங்களில் உள்ள ஹிஸ்டிடின்களைப் பற்றிக்கொண்டு திரளும் விதத்தை மாற்றுகின்றன. அதே துத்தநாகம் இன்சுலினில் நல்லது செய்கிறது: ஆறு ஆறு மூலக்கூறுகளாகக் கட்டி வைத்து, தனி மூலக்கூறுகள் பிரிந்து இழையாவதைத் தடுக்கிறது.

உடனிருக்கும் பெரிய மூலக்கூறுகள். உடலில் எந்தப் புரதமும் வெறும் உப்புத் தண்ணீரில் தனியாக இல்லை. கொழுப்புச் சவ்வுகள், ஆர்.என்.ஏ., ஹெபாரன் சல்பேட் போன்ற எதிர் சுமை கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள், கொலாஜன் எல்லாம் சுற்றிலும் உண்டு. நீண்டகாலம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் ரத்தத்தில் பல மடங்கு கூடுகிறது. ஆனால் அது இழையாகப் படிவது பெரும்பாலும் மூட்டுகளிலும் எலும்புகளிலும்தான். கொலாஜன் மிகுந்த இடங்கள் அவை.

ஆல்ஃபா சைனுக்ளினைக் கொழுப்பு மூலக்கூறுகளோடு சேர்த்து வளர்த்தபோது கிடைத்த இழைகளை 2022இல் வெளியிட்டார்கள். கொழுப்பு மூலக்கூறுகள் இழையின் பரப்பில் ஒட்டியிருந்தன. இழைநூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையையும் அவையே செய்தன. அப்படிப்பட்ட இழையில் கொழுப்பை வெறும் சூழல் என்று சொல்வது போதாது, அது கட்டமைப்பின் ஒரு பங்கு.

## ஒருமுறை அமைந்த வடிவம் எப்படிப் பரவுகிறது?

சூழல் மாறினால் வடிவமும் உடனே மாறிவிடுமா? பெரும்பாலும் மாறாது. இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

வளர்ந்த இழையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துப் புதிய புரதக் கரைசலில் போட்டால், புதிய மூலக்கூறுகள் அந்தத் துண்டின் முனையில் வந்து அதே மடிப்பில் அமர்கின்றன. பாலில் உறை மோர் ஊற்றுவதைப் போலத்தான்: எந்த உறையை ஊற்றினோமோ அந்தக் குணமே தயிருக்கு வருகிறது. இந்தத் துண்டை விதை என்கிறார்கள். டைக்கோவின் குழு அசையாத கரைசலின் விதையையும் அசைத்த கரைசலின் விதையையும் எடுத்து வேறு கரைசல்களில் வளர்த்தபோது, தாய் இழையின் வடிவமே தொடர்ந்தது.

இதன் உயிரியல் விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது ஈஸ்ட். அதிலுள்ள எஸ்யுபி35 என்ற புரதம் அமிலாய்டாகி, தாய் செல்லிலிருந்து மகள் செல்லுக்குக் கடத்தப்படக்கூடியது. கலிஃபோர்னியாவில் ஜோனதன் வைஸ்மனின் குழு 2004இல் இந்தப் புரதத்தின் தூய மாதிரியை 4 டிகிரி செல்சியஸிலும் 37 டிகிரியிலும் தனித்தனியாக இழையாக்கி ஈஸ்ட் செல்களுக்குள் செலுத்தியது. 4 டிகிரி இழைகள் வலுவான வகையைத் தந்தன, ஈஸ்ட் கூட்டங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. 37 டிகிரி இழைகள் வலுக்குறைந்த வகையைத் தந்தன, கூட்டங்கள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. மரபணுவில் எந்த வேறுபாடும் கிடையாது. குளிரில் வளர்ந்த இழையின் இறுகிய மையப்பகுதி சிறியது, அதனால் எளிதில் உடைகிறது. உடையும் ஒவ்வொரு துண்டும் புதிய விதை. கெட்டியான இழையை விட உடையும் இழை வலுவாகப் பரவுவது இதனால்தான்.

சரி, விதை இருந்தால் சூழலுக்கு வேலையே இல்லையா? உண்டு. விதையின் வடிவத்துக்குப் புதிய சூழல் இடம் கொடுக்காவிட்டால் நகல் பிசகும். எம்.எஸ்.ஏ. எனப்படும் பல்மண்டலச் சிதைவு நோயிலும் ஆல்ஃபா சைனுக்ளின்தான் படிகிறது. அந்த நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த இழைகளை விதையாக வைத்து ஆய்வகத்தில் தூய புரதத்தை வளர்த்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: வளர்ந்த இழைகள் விதையின் வடிவத்தில் இல்லை.

செல்லின் உட்சூழலே வடிவத்தை மாற்றும் என்பதற்கு 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜினியா லீயின் குழு நல்ல ஆதாரம் தந்தது. பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனுக்ளின் நரம்புச் செல்களில் படிகிறது. எம்.எஸ்.ஏ.வில் பெரும்பாலும் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற துணைச் செல்களில் படிகிறது. துணைச் செல்களின் படிவிலிருந்து எடுத்த புரதம் மற்றதை விட சுமார் 1,000 மடங்கு வலுவாக விதையாகச் செயல்பட்டது. தவறாக மடிந்த அதே புரதத்தை ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்குள் வைத்தால் அது வலுவான வகையாக மாறியது. நரம்புச் செல்லுக்குள் அப்படி மாறவில்லை.

## டௌ: மூளையில் ஒன்று, குழாயில் ஒன்று

சூழலின் பங்கை முழுமையாகப் புரிந்துகொள்ள டௌ புரதத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அல்சைமரில் அமிலாய்டு பீட்டா செல்லுக்கு வெளியே படிகிறது, டௌ நரம்புச் செல்லுக்குள்ளே படிகிறது. டௌ வேறு பல நோய்களிலும் படிகிறது.

2017இல் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மிஷேல் கோடெர்ட், ஷோர்ஸ் ஷெரெஸ் ஆகியோரின் குழு, அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த டௌ இழைகளை கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து அணு மாதிரியை வெளியிட்டது. நோயாளியின் மூளையிலிருந்து நேரடியாக எடுத்த டௌ இழைக்கு அப்படி ஒரு படம் அதுவே முதல். சங்கிலி ஆங்கில எழுத்து சி போல மடிந்திருந்தது. அடுத்தடுத்த வருடங்களில் டௌ படியும் மற்ற மூளைநோய்களான பிக் நோய், சி.டி.இ., கார்ட்டிகோபேசல் சிதைவு என ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி மடிப்பு. ஒரே நோயுள்ள வெவ்வேறு நோயாளிகளிடம் ஒரே மடிப்பு.

மனித மூளையில் டௌ ஆறு வகைகளில் உண்டு. நோய்க்கு நோய் எந்த வகை படிகிறது என்பது மாறுவதால் மடிப்பும் மாறுகிறது என்று ஓரளவு விளக்கலாம். ஆனால் அல்சைமரிலும் சி.டி.இ.யிலும் படிவது அதே ஆறு வகைகள்தான். சி.டி.இ. என்பது குத்துச்சண்டை வீரர்கள், அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் போலத் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுபவர்களுக்கு வரும் மூளைநோய். இரண்டுக்கும் மடிப்பு வேறு: சி.டி.இ. மடிப்பு கொஞ்சம் விரிந்தது, அதன் உள்ளே நீரை விலக்கும் ஒரு சிறு குழி இருக்கிறது. அந்தக் குழிக்குள் புரதமல்லாத ஏதோ ஒன்று இருப்பது படத்தில் தெரிந்தது. புரதம் ஒன்றாக இருந்தும் மடிப்பு வேறாக இருந்தால், காரணத்தைச் சூழலில்தான் தேட வேண்டும்.

இதற்கு முன் இருபது வருடங்களுக்கும் மேலாக, ஆய்வகங்களில் டௌ இழை செய்ய ஹெபாரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து) சேர்ப்பது வழக்கம். டௌ நேர் சுமை மிகுந்த புரதம். எதிர் சுமை கொண்ட ஹெபாரின் சேர்ந்தால் சட்டென்று இழையாகும். 2019இல் அந்த ஹெபாரின் இழைகளையும் அதே நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரு குழாயிலேயே பல வடிவங்கள் கலந்திருந்தன. எதுவும் அல்சைமர் மடிப்போ பிக் மடிப்போ அல்ல. மருந்துத் தேடலுக்கும் நச்சுச் சோதனைக்கும் எத்தனையோ ஆய்வகங்கள் பயன்படுத்திய இழைகள், நோயாளியின் மூளையில் இருப்பவற்றிலிருந்து வேறானவை என்று தெரிந்தது. இந்தத் துறையில் வந்த முடிவுகளில் இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

2022இல் அதே கேம்பிரிட்ஜ் குழு ஹெபாரினை விட்டுவிட்டு, டௌவின் 297 முதல் 391 வரையிலான பகுதியை மட்டும் எடுத்து, பல உப்புக் கரைசல்களில் பொறுமையாக வளர்த்துப் பார்த்தது. மெக்னீசியம் குளோரைடு சேர்த்த கரைசலில் அல்சைமர் மடிப்பு அப்படியே கிடைத்தது. சோடியம் குளோரைடு, அதாவது சாதாரணச் சமையல் உப்பு, சேர்த்த கரைசலில் சி.டி.இ. மடிப்பு கிடைத்தது. சி.டி.இ. இழையின் குழிக்குள் தெரிந்த அந்தப் பொருள் உப்பு அயனிகளாக இருக்கலாம் என்று இதிலிருந்து ஊகித்தார்கள்.

இதை வைத்து மூளையில் சமையல் உப்பு கூடினால் சி.டி.இ. வரும் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். பரிசோதனைக் குழாயில் ஒரு அயனி செய்யும் வேலையை மூளையில் வேறொரு மூலக்கூறு செய்யலாம். சாப்பாட்டில் சேர்க்கும் உப்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் காட்டப்படவில்லை.

2024இல் அந்தக் குழு இன்னொரு படி போனது. இழை வளர வளர இடையிடையே மாதிரி எடுத்து உறையவைத்துப் பார்த்ததில், அல்சைமர் மடிப்பும் சி.டி.இ. மடிப்பும் தொடக்கத்தில் ஒரே இடைநிலை இழையிலிருந்துதான் கிளம்பின. பிறகு வழியில் பல இடைநிலை வடிவங்கள் தோன்றி மறைந்து, முடிவில் வெவ்வேறு மடிப்புகளில் நிலைத்தன. எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் கிடைக்கும் விடையை மாற்றும் என்று ஆகிறது.

டௌவில் மட்டும் இப்படி அல்ல. அல்சைமர் நோயாளிகளின் மூளை உறையிலிருந்து எடுத்த அமிலாய்டு பீட்டா இழைகள் வலப்பக்கமாக முறுக்கியிருப்பதை 2019இல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகக் குழு கண்டது. ஆய்வகத்தில் அதுவரை பெரும்பாலும் கிடைத்தவை இடப்பக்கமாக முறுக்கியவை.

## உடலே சூழலை வைத்து இழையைக் கையாளும் இடம்

அமிலாய்டு என்றாலே நோய் என்று நினைக்க வேண்டாம். பிட்யூட்டரி சுரப்பி சில ஹார்மோன்களைச் செல்லுக்குள் சிறு பைகளில் அமிலாய்டாகவே அடுக்கி வைக்கிறது. இதை 2009இல் வெளியிட்ட ஆய்வின் முதல் ஆசிரியர் சமீர் மாஜி, இன்று மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வுக்குழு நடத்துபவர்.

அந்தப் பைக்குள் பிஎச் சுமார் 5.5. ரத்தத்தில் 7.4. பை திறந்து ஹார்மோன் ரத்தத்துக்குள் வந்ததும் சூழல் மாறுகிறது, இழை கரைகிறது, ஹார்மோன் தனித்தனி மூலக்கூறாக வேலைக்குப் போகிறது. பீட்டா எண்டார்ஃபின் இழையின் மையத்தில் ஒரு குளூட்டமேட் புதைந்திருக்கிறது. அமிலச் சூழலில் அதற்குச் சுமை இல்லை, அதனால் அங்கே நிம்மதியாக இருக்கிறது. பிஎச் ஏறியதும் எதிர் சுமை பெறுகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் அதே சுமை வருவதால் இழை தாங்காமல் பிரிகிறது. மேலே இரண்டாவது காரணமாகச் சொன்ன சுமைத் தள்ளலை உடல் ஒரு சுவிட்சாகவே பயன்படுத்துகிறது.

## இதனால் மருத்துவத்தில் என்ன மாறுகிறது?

1. மருந்துத் தேடல். இழையின் குறிப்பிட்ட பள்ளத்தில் பொருந்தும் மூலக்கூறைத் தேடுபவர்கள், அந்தப் பள்ளம் நோயாளியின் இழையில் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெபாரின் இழையில் உள்ள பள்ளம் மூளை இழையில் இல்லாமல் போகலாம். 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்து, 18 மாதச் சோதனையில் நோய் மோசமாகும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. அது முதிர்ந்த இழைகளை விட, கரையக்கூடிய நிலையில் உள்ள சிறு முன்னிழைகளையே அதிகம் பற்றுகிறது. அமிலாய்டு மருந்து என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, எந்த நிலையில் உள்ள எந்த வடிவத்தைப் பற்றும் மருந்து என்று கேட்பதே சரி.

2. ஸ்கேன். டௌ படிவை பெட் ஸ்கேனில் காட்டும் ஃப்ளார்டாசிபிர் என்ற பொருளுக்கு 2020இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அல்சைமர் டௌவில் அது நன்றாக ஒட்டுகிறது. பிக் நோய் போன்ற மற்ற டௌ நோய்களில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்றால் டௌ இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது; அந்தப் பொருள் ஒட்டாத மடிப்பாக இருக்கலாம்.

3. விதைச் சோதனை. நோயாளியின் மூளைத் தண்டுவட நீரில் இருக்கும் மிகச் சிறிய அளவு விதையைத் தூய ஆல்ஃபா சைனுக்ளினில் போட்டு, இழை பெருகுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் வந்துவிட்டன. பார்க்கின்சனையும் எம்.எஸ்.ஏ.வையும் இதன் மூலம் பிரித்தறிய முடியும் என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. விதை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இது மிகப் பயனுள்ள முறை. ஆனால் சோதனையில் பெருகி வந்த இழையை நோயாளியின் இழை என்று எடுத்துக்கொண்டு மருந்து வடிவமைத்தால் தடம் மாறிவிடும். 2021ஆம் ஆண்டின் எம்.எஸ்.ஏ. முடிவு அதைத்தான் எச்சரிக்கிறது.

எம்.எஸ்.ஏ. இழையில் அந்த நகல் ஏன் பிசகுகிறது என்பதற்கு 2020இல் வெளியான மூளை இழையின் படத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. இரண்டு இழைநூல்கள் சந்திக்கும் இடத்தில் 43, 45 ஆகிய இடங்களின் லைசின்களும் 50ஆவது ஹிஸ்டிடினும் சூழ்ந்த ஒரு குழி, அதற்குள் புரதமல்லாத ஒரு பொருள். சுற்றியிருப்பவை நேர் சுமை கொண்டவை என்பதால் உள்ளே இருப்பது எதிர் சுமை கொண்டதாக இருக்க வேண்டும். அது எந்த மூலக்கூறு என்று இன்னும் உறுதியாகவில்லை. தூய புரதமும் உப்பும் மட்டும் உள்ள குழாயில் அந்தப் பொருள் இல்லை. அது என்னவென்று கண்டுபிடித்துக் கரைசலில் சேர்க்கும் வரை, ஆய்வகத்தில் வளரும் எம்.எஸ்.ஏ. இழைகளின் மேல் சோதித்த எந்த மருந்தையும் மூளையிலிருந்து எடுத்த இழைகளின் மேல் மறுபடி சோதித்தாக வேண்டும்.